சலுகைப் பட்டியலும் வேலை நேரமும்: பணியிட நலத்தை அளக்கும் முறை பற்றி

1. கேள்வி

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் புதிதாகச் சேருபவருக்குத் தரும் சலுகைப் பட்டியலில் குழு மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கொரு முழு உடல் பரிசோதனை, மனநல ஆலோசகரிடம் பேச ஒரு தொலைபேசி எண், யோகா வகுப்பு, உடற்பயிற்சிக் கூடம் ஆகியவை இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேரும் பெண்ணிடம் சொல்லப்படுவது இதைவிடச் சுருக்கமானது. ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., வேன் வசதி உண்டு. மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் வருகை ஊக்கத்தொகை உண்டு. இந்த இரண்டு பட்டியல்களிலும் உள்ளவற்றில் எவை உண்மையில் ஒருவருடைய உடலையும் மனத்தையும் காக்கின்றன? நலனுக்கென்று ஒரு நிறுவனம் ஒதுக்கும் பணத்தை எதில் போடுவது நியாயம்?

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. நோய்க்கான காரணங்கள் தனிமனிதரின் உணவு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம், மன உறுதி ஆகியவற்றில் இருப்பதால், ஊழியரைத் திருத்தி வளர்க்கும் திட்டங்களே பலன் தரும் என்கிறது ஒரு தரப்பு. வேலை நேரம், ஓய்வு, கூலி, மேற்பார்வை, பணியிடத்தின் சூடு போன்ற வேலையின் அமைப்பே நோயை உண்டாக்குகிறது, அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறது மற்றொரு தரப்பு. கிடைக்கும் சான்றுகள் பெருமளவு இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கின்றன என்பதே என் முடிவு. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வேலையின் அமைப்பைத் தொடும் சலுகைகளும், சட்டமாகவே எழுதப்பட்டவையும்கூட, பயன்படாமல் கிடப்பதை நாம் பார்க்கிறோம். அதனால் இக்கட்டுரை வேறொரு அளவுகோலை முன்வைக்கிறது: அந்தப் பணியிடத்தில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ள ஒருவர், கூலியை இழக்காமல், யாரிடமும் கெஞ்சாமல் அந்தச் சலுகையைப் பயன்படுத்த முடிகிறதா?

2. பெரம்பூரின் மதிய இடைவேளை

கேள்வி புதியதல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்கை எடுத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் வாடியாவிடம் முதலில் கொண்டுவந்த குறைகளில் ஒன்று மதிய இடைவேளை போதவில்லை என்பது. வெளியே வந்து, கை கழுவி, சோற்றை விழுங்கிவிட்டு மீண்டும் வாசலுக்கு ஓடுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

அதே ஆலை நிர்வாகம், அக்காலத்து அளவில், தொழிலாளர் நலத்துக்குப் பெயர்பெற்றது. பள்ளிக்கூடம் நடத்தியது, குடியிருப்புகள் கட்டியது. இவற்றைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நிர்வாகம் தானாக முன்வந்து கொடுத்தவை ஒரு வரிசையாகவும், தொழிலாளர்கள் கேட்டவை வேறொரு வரிசையாகவும் இருந்தன. கொடுக்கப்பட்டவை ஆலையின் ஓட்டத்தைத் தொடாதவை. கேட்கப்பட்டதோ, சில நிமிடங்களே ஆனாலும், ஆலையின் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட வேண்டியது. நலச் சலுகைகளின் வரலாறு முழுக்க இந்த இடைவெளி தொடர்வதாகக் கருதுகிறேன்.

3. தனிமனிதத் திட்டங்கள்: சான்று சொல்வது

பணியிட நலத்திட்டங்கள் லாபகரமானவை என்ற நம்பிக்கைக்கு ஒரு வலுவான ஆவணம் இருந்தது. கேத்ரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஜிருய் சாங் ஆகிய மூவரும் 2010இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 3.27 டாலரும், விடுப்பால் வரும் இழப்பில் 2.73 டாலரும் மிச்சமாவதாக எழுதினார்கள். நிறுவனங்கள் பலவும் இந்த எண்களை மேற்கோள் காட்டின.

அந்தத் தொகுப்பில் இருந்த ஆய்வுகளில் பல, திட்டத்தில் தாமாகச் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டவை. யார் தாமாகச் சேருகிறார்கள் என்பதை இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 2016இல் அங்கு ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பரிசோதனையும் நல வகுப்புகளும் ஊக்கப்பணமும் தந்தார்கள். சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு பழைய முறையில் ஒப்பிட்டால் பெரும் பலன் தெரிந்தது. குலுக்கலின்படி ஒப்பிட்டால் மருத்துவச் செலவிலோ, பழக்கங்களிலோ, விடுப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முன்பே ஓரளவு நலமாகவும் செலவு குறைவாகவும் இருந்தவர்களே திட்டத்தை நாடி வந்திருந்தார்கள். பழைய ஆய்வுகள் திட்டத்தின் பலன் என்று எண்ணியதில் பெரும்பகுதி, வந்தவர்களின் முந்தைய நலமே.

சாங், பெய்க்கர் இருவரும் தங்கள் பழைய முடிவைத் தாங்களே சோதித்தார்கள் என்பதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். பி.ஜே.ஸ் என்ற அமெரிக்க மொத்த விற்பனைக் கடை நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடையே அவர்கள் நடத்திய குலுக்கல் ஆய்வு 2019இல் வெளியானது. 18 மாதங்களில், திட்டம் நடந்த கிளைகளின் ஊழியர்களில் கூடுதலானோர் தாங்கள் உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற அளவீடுகளிலோ, மருத்துவச் செலவிலோ, வேலைத் தரத்திலோ வேறுபாடு தென்படவில்லை.

மனநலத் திட்டங்களின் நிலையும் இதுவே. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்த வில்லியம் ஃபிளெமிங் (2024), தியானச் செயலி, மன அழுத்தப் பயிற்சி, மன உறுதி வகுப்பு போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள் பங்கெடுக்காதவர்களைவிட நலமாக இல்லை என்று கண்டார். தொண்டுப் பணியில் ஈடுபட வாய்ப்புத் தந்த திட்டங்கள் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. இது குலுக்கல் ஆய்வு அல்ல. ஏற்கெனவே மனம் சோர்ந்தவர்களே இத்திட்டங்களை நாடியிருக்கலாம் என்ற மறுப்புக்கு இடமுண்டு. அந்த மறுப்பு நியாயமானதே. ஆனாலும் 2022இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஊழியருக்கான பயிற்சிகளோடு, வேலைப்பளு, வேலை நேரம், மேலாளர்களின் நடத்தை ஆகியவற்றைச் சீர்படுத்துவதையும் பரிந்துரைத்திருப்பது பொருத்தமாகிறது.

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1985இல் தொடங்கி லண்டனின் 10,308 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, தம் வேலையின் மீது தமக்குக் கட்டுப்பாடு குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுதல் என்று காட்டியது. இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்; நாற்காலியில் அமர்ந்து, நிரந்தர வேலையில், இலவசப் பொது மருத்துவ வசதியோடு வாழ்ந்தவர்கள்.

அமெரிக்க முடிவுகளை அப்படியே இங்கு கொண்டுவந்து, பரிசோதனைகள் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வு (2023) தமிழகத்தில் நீரிழிவு 14.4 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் இங்கு ஏராளம். அவர்களிடம் ஊசியையும் இரத்த அழுத்தக் கருவியையும் கொண்டுபோவது பயனுள்ள செயல். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2024இல் தொழிற்சாலைகளுக்கும் விரிந்ததற்குக் காரணம் இதுவே. பரிசோதனைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு வருகிறது. மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமென்றால், பரிசோதனை முடிவு ஒரு காகிதமாகவே வீட்டில் இருக்கும். மாத்திரை வேலையிடத்துக்கே வந்தால் நிலைமை வேறு.

4. ஈ.எஸ்.ஐ.யும் குழுக் காப்பீடும்

சலுகைகளில் பெரியது மருத்துவக் காப்பீடு. இதில் தமிழ்நாட்டு உழைப்பாளர்கள் 21,000 ரூபாய் என்ற கோட்டின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறார்கள். 2017 ஜனவரி முதல் மாதக் கூலி அந்த அளவுக்குள் இருப்பவர்கள் ஈ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு நிறுவனம் விரும்பினால் தனியார் குழுக் காப்பீடு.

ஈ.எஸ்.ஐ. பற்றிப் படித்தவர்கள் பேசும்போது கூட்டம், அழுக்கு, மருந்து இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வடிவமைப்பில் அது தனியார் காப்பீட்டைவிட மிக விரிவானது. 1944இல் பி.பி. அதார்க்கர் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம் அது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவச் செலவில் உச்சவரம்பு இல்லை. புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் அடங்கும். நோய்க்காலத்தில் கூலியின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நெடுங்கால நோய்கள் 34க்கு 80 விழுக்காடு இரண்டு ஆண்டுகள் வரை. பேறுகால விடுப்பு 26 வாரம். தனியார் குழுக் காப்பீடோ பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பேசும். அறை வாடகைக்கும் பிரசவத்துக்கும் உச்சவரம்பு வைக்கும். வேலை போனால் அதுவும் போகும். அதன் நல்ல அம்சம், சேரும் முன்பே இருந்த நோய்களையும் பல பாலிசிகள் முதல் நாளிலிருந்தே ஏற்பது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பாலிசியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு விரிவான ஈ.எஸ்.ஐ. ஏன் தொழிலாளியின் கையில் சுருங்கிவிடுகிறது? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 450 ரூபாய் வாங்கும் ஒரு தையல் தொழிலாளி மாதம் 26 நாள் வேலை செய்தால் 11,700 ரூபாய். 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி அவர் பங்கு 0.75 விழுக்காடு, ஏறத்தாழ 88 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, ஏறத்தாழ 380 ரூபாய். அவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வருகிறது. டிஸ்பென்சரிக்குப் போய் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்குகிறார். ஆனால் நோய்க்காலத் தொகை முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடியும் படுத்தால் மட்டும் அந்தக் காத்திருப்பு தள்ளுபடி. மூன்றாம் நாளுக்கு 315 ரூபாய். இழந்த கூலி 1,350. இதற்கு மேல் அந்த மாத வருகை ஊக்கத்தொகையும் போகிறது.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற ஆண்டு விடுப்பு மட்டுமே இருந்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமோ ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பைத் தந்திருக்கிறது. ஆக, காய்ச்சலோடு மெஷினில் உட்காருவது அந்தத் தையல் தொழிலாளியின் அறியாமை அல்ல, சரியான கணக்கு. பக்கத்து இருக்கைக்காரிக்கும் காய்ச்சல் பரவுகிறது என்றால் அதற்கும் இந்தக் கணக்கே பொறுப்பு.

5. நாற்காலி, கழிப்பறை, சூடு

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. கோழிக்கோட்டில் விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் மூலம் கடைப் பெண்களைத் திரட்டி நடத்திய நீண்ட போராட்டம் அதன் பின்னணி. 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தின் வழியாகத் தமிழர் பலரும் ரங்கநாதன் தெருக் கடை ஊழியரின் கால் வலியை அறிந்திருந்தார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்பதால் நரம்பு சுருட்டிக்கொள்வது, கணுக்கால் வீங்குவது, இடுப்பு வலி ஆகியவை அவர்களிடையே சாதாரணப் பேச்சு.

சட்டத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். வேலையின் போக்கில் உட்கார வாய்ப்பு ஏற்படும்போது அதைப் பயன்படுத்திக்கொள்வதற்காக இருக்கை என்கிறது அது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் நின்று வேலை செய்பவர்களுக்கு ஏறத்தாழ இதே சொற்களில் இருக்கையை உறுதி செய்திருந்தது. வாய்ப்பு ஏற்பட்டதா என்று முடிவு செய்பவர் யார்? ஜவுளிக்கடை மாடியில், வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையில், ஸ்டூலில் அமர்ந்த பெண்ணிடம் சூப்பர்வைசர் வந்து ‘துணியை மடிச்சு வைம்மா’ என்றால், அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலே ஒரு கேமராவும் இருக்கிறது. நாற்காலி வாங்கிப் போட்டதோடு சட்டம் நிறைவேறிவிடும். உட்காருவதற்கு நேரம் வேண்டும். மணிக்கு இத்தனை நிமிடம் என்று சுழற்சி முறையில் ஓய்வு எழுதிவைக்கப்பட்ட கடையில்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும் என்பது என் கருத்து.

பொருளைத் தந்து நேரத்தைத் தராத இந்த வழக்கத்தின் மிகக் கசப்பான வடிவத்தைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. தமிழகத்தின் ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியபோது, மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதாகவும், அவற்றைத் தின்றுவிட்டு வேலையைத் தொடர்ந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். மருந்து இலவசமாகக் கிடைத்தது. காகிதத்தில் எழுதினால் அதுவும் ஒரு நலச் சலுகைதான். அவர்களுக்குத் தேவைப்பட்டது அரை மணி நேர ஓய்வும், டார்கெட்டில் இருந்து விலக்கும், லைனை விட்டு எழுந்து கழிப்பறைக்குப் போகும் உரிமையும். மாத்திரை லைனை நிறுத்துவதில்லை, ஓய்வு நிறுத்தும். எது கொடுக்கப்பட்டது என்பதை இந்த வேறுபாடே தீர்மானித்தது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நலச் சலுகைப் பட்டியல்களில் அது அநேகமாக இடம்பெறுவதே இல்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று அது காட்டியது. மறுபுறம், பெங்களூரு ஆடைத் தொழிற்கூடங்களில் பழைய குழல் விளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றியபோது கூடத்தின் சூடு தணிந்து, வெப்பம் மிகுந்த நாட்களில் உற்பத்தி கூடியதாக அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் காட்டியுள்ளனர். மின்சாரம் மிச்சம் பிடிக்கச் செய்த மாற்றம் அது. யாரும் விண்ணப்பம் எழுதவோ, வகுப்புக்குப் போகவோ, மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கவோ வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, அந்தக் குளிர்ச்சி போய்ச் சேர்ந்தது.

வேலை நேரமும் இதே வகையைச் சேர்ந்தது. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. திருப்பூரின் ‘ஒன்றரை ஷிப்ட்’ வாரத்தில் ஆறு நாள் ஓடினால் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிடுவது கடினமல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்று அரசுத் தரப்பு விளக்கியது. தொழிற்சங்கங்கள் அதை நம்பவில்லை. ஓவர்டைம் எப்படி வாங்கப்படுகிறது என்று அறிந்தவர்கள் நம்பாததில் வியப்பில்லை.

6. தேர்வு யாருடையது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. கேன்டீன் கட்டாயமாகும் வரம்பு, 250க்கு மேல் என்றிருந்தது, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 என்று இறங்கியுள்ளது. நல அலுவலருக்கான வரம்பு 500இலிருந்து 250 ஆகியுள்ளது. இவை முன்னேற்றமே. முன்பு முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வேண்டியிருந்த குழந்தைகள் காப்பகம் இப்போது ஐம்பது தொழிலாளர்களுக்கு மேல் என்ற கணக்குக்கு மாறியிருக்கிறது. ஆண்களையும் எண்ணுவது நல்லது, சிறிய கூடங்கள் விடுபடுவது நல்லதல்ல. ஆனால் எண்ணிக்கை வரம்புகள் தேர்வு யாருடையது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. நல அலுவலருக்குச் சம்பளம் தருவது நிர்வாகமே.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்க வழிசெய்தது. அதில் தொழிலாளர் தரப்பு முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது. பல இடங்களில் அது பதிவேட்டில் மட்டுமே கூடியது. நிஜத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரு குறிப்பு தருகிறது. ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் வேலை செய்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோடும் சர்வதேச அமைப்புகளோடும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. தொழிற்கூடத் தளத்திலேயே தொழிலாளர்களில் இருந்து கண்காணிப்பாளர்களை நியமித்து, பாலியல் தொல்லையையும் சாதிய வசையையும் அவர்கள் வழியாகப் புகார் செய்ய வழி திறந்தது. வாங்கும் பிராண்டுகளும் இதற்குக் கட்டுப்பட்டன. எந்தக் காப்பீட்டுப் பாலிசியிலும் எழுதப்படாத ஒரு நலன், அதாவது பயமின்றி வேலைக்கு வருவது, தொழிலாளர்கள் பேரம் பேசியதால் கிடைத்தது. அதை எந்த நிர்வாகமும் தன் சலுகைப் பட்டியலில் தானாக எழுதியிருக்காது.

நல்ல மனத்தோடு ஒரு பட்டியலைத் தயாரிக்க விரும்பும் நிறுவனம் எங்கே தொடங்கலாம் என்பதற்கு மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஈ.எஸ்.ஐ. தராத முதல் இரண்டு நாளின் கூலியை நிறுவனமே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறை படுத்தால் செலவு 1,800 ரூபாய், மாதத்துக்கு 150. கூலியில் ஒன்றேகால் விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இதோடு, டிஸ்பென்சரி சான்றிதழ் உள்ள நாளுக்காக வருகை ஊக்கத்தொகையைப் பிடிப்பதில்லை என்ற வரி வேலை நியமனக் கடிதத்திலேயே, தொழிலாளி படிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். திருப்பூரில் அது தமிழில் மட்டும் இருந்தால் போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும்.